ஆற்றங்கரைக் கோட்டை ஓவியத்தை விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றங்கரைக் கோட்டை ஓவியம் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால், பலரும் முதல் வரியிலேயே கோட்டையைக் கட்டிய அரசனிடம் போய்விடுகிறார்கள். முற்றுகை, போர், ஆட்சி மாற்றம் என இரண்டு பத்தி ஓடும். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று ஒரு வரிகூட இருக்காது. எனக்கு இது பெரிய வருத்தம். கோட்டை எவ்வளவு தள்ளி நிற்கிறது, ஆறு எங்கே நுழைந்து எங்கே மறைகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். வரலாறு அப்புறம் வரட்டும்.

ஓவியத்தைப் புகைப்படம் போல நம்பிவிடுவது அடுத்த தவறு. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில், கோப்ளென்ஸ் நகருக்கு எதிரே உள்ள எரென்பிரைட்ஸ்டைன் கோட்டையைப் பிரெஞ்சுப் படை 1801இல் வெடிவைத்துத் தகர்த்தது. ஆங்கிலேய ஓவியர் டர்னர் 1817இல் அங்கே போனபோது கண்டது இடிபாடுகளை. அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யா அதைத் திரும்பக் கட்டி முடித்தது 1828இல். 1840களிலும் டர்னர் அதை வரைந்தார். ஆகவே ‘டர்னரின் எரென்பிரைட்ஸ்டைன்’ என்று மட்டும் எழுதினால் எந்தக் கோட்டை என்றே தெரியாது. வரைந்த ஆண்டும், எண்ணெய் வண்ணமா நீர்வண்ணமா என்பதும் கட்டாயம் வேண்டும். நினைவிலிருந்து வரையும் ஓவியர் குன்றைச் சற்று உயர்த்தியிருக்கவும் கூடும்.

‘இடது கரை’ என்ற சொல்லில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஆற்றின் இடது, வலது கரைகள் நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று சொல்லப்படுபவை. எரென்பிரைட்ஸ்டைன் வலது கரையில் இருக்கிறது. ஓவியர் நீர் வரும் திசையைப் பார்த்து வரைந்திருந்தால் அது படத்தின் இடப்பக்கம் வரும். ‘படத்தின் இடப்புறம்’ என்று எழுதிவிட்டால் குழப்பமில்லை.

நீரில் தெரியும் நிழலையும் உற்றுப் பாருங்கள். அது தலைகீழான நகல் என்று எழுதுவது சரியல்ல. கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மதிலின் கீழ்ப்பகுதியை முன்னால் உள்ள கரையே மறைத்துவிடும். சில சமயம் கோபுர உச்சி மட்டும் நீரில் தெரியும். ஓவியர் அதைக் கவனித்து வரைந்திருந்தால் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

‘பிரம்மாண்டமான’, ‘கம்பீரமான’ போன்ற சொற்களால் அளவு விளங்காது. ஜெர்மனியின் எல்பே நதிக்கு மேல் சுமார் 240 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோனிக்ஸ்டைன் கோட்டையை 1756–58இல் இத்தாலிய ஓவியர் பெல்லோட்டோ வரைந்தார். வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள படத்தில், முன்னால் மேய்ப்பர்களும் மாடுகளும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்கி, பாறை வழியாக மேலேறி, மதிலுக்கு வந்து சேருங்கள்.