கேம்ஷாஃப்ட் அடிபட்டுவிட்டதா? எமரி தாளை எடுக்கும் முன் பாருங்கள்

எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டான கேம்ஷாஃப்ட்டில், டைமிங் செயின் மாற்றும்போது வைஸ் கிரிப் குறடின் பல் பதிந்த தடம், ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் விழுந்த கீறல், கேப் (ஷாஃப்ட்டை எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டோடு பிடிக்கும் மூடி) போல்ட்டுகளைத் தாறுமாறாக முறுக்கியதில் சுற்ற மறுக்கும் ஷாஃப்ட். வீட்டில் எஞ்சினைத் திறப்பவர்களுக்கு இதெல்லாம் நேரக்கூடியதுதான். எஞ்சினுக்கு உண்மையில் உலை வைப்பது இதற்கு அடுத்த தவறு: அடி எங்கே பட்டிருக்கிறது என்று பார்க்காமலே தேய்த்துச் சரிசெய்யப் போவது.

லோப்புக்கும் (வால்வைத் தள்ளும் முட்டை வடிவ மேடு) ஜர்னலுக்கும் (ஹெட்டில் அமர்ந்து சுழலும் வட்டப் பகுதி) நடுவே உள்ள தண்டுப் பகுதி எதையும் தொடுவதில்லை. அங்கே கீறல் என்றால் பிசிறை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பல ஷாஃப்ட்டுகளில் அந்தப் பகுதியிலேயே அறுகோணமாக ஒரு இடம் வார்த்திருப்பார்கள். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) போல்ட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் போட்டுப் பிடிக்க வேண்டிய இடம் அது. லோப்பைப் பிடிக்காதீர்கள். டைமிங் லாக் கருவியை நம்பியும் போல்ட்டை முறுக்காதீர்கள். அந்தக் கருவி ஷாஃப்ட்டின் நிலையைக் காப்பதற்கு மட்டுமே. முறுக்கு விசை முழுவதும் அதன் மேல் விழுந்தால் கருவி வளையும், அல்லது ஷாஃப்ட் முனையின் காடி உடையும்.

லோப்பில் கீறல் விழுந்து நகம் தடுக்கினால் தேய்க்கவே கூடாது. லோப்பின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டது, வடிவமோ மைக்ரான் கணக்கில் கிரைண்ட் செய்யப்பட்டது. ஃபைல் பட்டால் வால்வு திறக்கும் அளவும் நேரமும் மாறும். கடினத் தோல் போய்விட்டால் மிச்சமும் சீக்கிரமே தேயும். ஷாஃப்ட்டை மாற்றுங்கள். அந்த லோப்பின் மேல் ஓடி அதன் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் டாப்பெட் அல்லது ராக்கரின் முகத்தையும் பாருங்கள்; அதிலும் தடம் இருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும். பழைய ஃப்ளாட் டாப்பெட் (உருளை இல்லாமல் தட்டை முகத்தோடு லோப்பில் உரசுவது) எஞ்சின்களில் இதில் பேச்சுக்கே இடமில்லை: புது கேமுக்குப் புது டாப்பெட். பழைய டாப்பெட் பழைய லோப்போடு பழகித் தேய்ந்தது. புது லோப்பை வெகு விரைவில் தின்றுவிடும்.

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் ஜர்னல். நகத்தை ஷாஃப்ட்டின் நீளவாக்கில் ஒருமுறை, சுற்றுவாக்கில் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் அதே திசையில் கிடக்கும் கீறல் கையில் படாது. மேடாக எழும்பிய பிசிறுதான் எமன். பல எஞ்சின்களில் கேமுக்குத் தனி பேரிங் கிடையாது. ஹெட்டின் அலுமினியமே பேரிங். பிசிறு அதை உழுதுவிடும். சிறு பள்ளம் அந்த அளவுக்குத் தொல்லை தராது. ஆகவே நைஸ் ஆயில் ஸ்டோனில் (தீட்டுக்கல்) இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, பிசிறு மட்டத்துக்கு வரும்வரை மட்டும் இழையுங்கள். பிறகு 1000 கிரிட்டுக்கு மேற்பட்ட எமரி தாளை ஆயிலில் நனைத்து, ஜர்னலைச் சுற்றி வைத்து, சுழலும் திசையில் லேசாக ஓட்டுங்கள். பள்ளமும் மறைய வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே போனால் ஜர்னல் இளைக்கும், ஆயில் பிரஷர் இறங்கும். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஹெட்டிலேயே பள்ளம் விழுந்திருந்தால் புது ஷாஃப்ட் வாங்கிப் பயனில்லை. ஹெட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது ஹெட்டையே மாற்ற வேண்டும்.

அடுத்தது கேப். ஒவ்வொரு கேப்பும் ஹெட்டோடு சேர்த்துத் துளையிடப்பட்டது. எண்ணும் அம்புக்குறியும் மாறினாலோ, திருப்பிப் போட்டாலோ ஷாஃப்ட் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது வால்வு ஸ்பிரிங்குகள் ஷாஃப்ட்டைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு முனையை முழுதாகத் தளர்த்தினால் அந்தப் பக்கம் மேலே எழும்பும். வார்ப்பிரும்பு ஷாஃப்ட் அதிகம் வளையாது, முறியும். மேனுவல் சொல்லும் வரிசையில், ஒரு முறைக்கு அரைச் சுற்று வீதம் எல்லா போல்ட்டையும் சேர்த்தே தளர்த்துங்கள். பூட்டும்போதும் அப்படியே. இந்த 6 மிமீ போல்ட்டுகளுக்கு பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய டார்க்தான் (முறுக்கு விசை). வீல் நட்டுக்குப் பயன்படும் பெரிய டார்க் ரெஞ்சை அதற்கு நம்பக்கூடாது, சிறியது வேண்டும். போல்ட் துளையில் ஆயில் தேங்கியிருந்தால் ஊதி எடுத்துவிடுங்கள். அடி மூடிய துளையில் ஆயில் நசுங்க இடமில்லாமல் ஹெட்டையே விரிசல் விடச்செய்யும். மரை போய்விட்டால் கம்பிச்சுருள் இன்செர்ட் போடுங்கள், பசை வேண்டாம்.

டாப்பெட்டுகளை எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டை மட்டும் ஆயிலோடு வைத்து, கேப்புகளை ஒவ்வொன்றாக முழு டார்க்குக்குப் பூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கேப்புக்குப் பிறகும் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். எந்தக் கேப்பைப் பூட்டியதும் இறுகுகிறதோ, கோளாறு அங்கே. எல்லாம் பூட்டி, எந்த ஒரு கேப்பும் குற்றவாளியாகத் தெரியாமல், சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் கனத்தால் ஷாஃப்ட் கோணியிருக்கலாம். வி பிளாக்கில் (வி வடிவக் காடியுள்ள தாங்கி) வைத்து, சுற்றியபடி நடு ஜர்னலில் டயல் கேஜ் (கோணலை அளக்கும் முள் கருவி) பிடித்துப் பாருங்கள். மேனுவல் அளவைத் தாண்டினால் தட்டி நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். ஜர்னல் இடைவெளியை நசுங்கும் பிளாஸ்டிகேஜ் இழையால் அளக்கும்போதும் டாப்பெட்டுகள் வெளியே இருக்க வேண்டும். ஆயிலைத் துடைத்திருக்க வேண்டும். இழை உள்ளே இருக்கையில் ஷாஃப்ட்டைச் சுற்றக்கூடாது.

இழைத்த தூளும் எமரி மண்ணும் ஆயில் துளைகளுக்குள் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன்பே துளைகளைத் துணியால் அடைப்பது நல்லது. ஷாஃப்ட் ஓடும்போதே அரைபட்டிருந்தால் சம்பை (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) இறக்கி, ஆயில் உறிஞ்சும் வழியிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள். ஆயிலும் ஃபில்டரும் புதிது. முன் கேப்பில் சிலிகான் சீலன்ட்டை அள்ளி அப்பினால் பிதுங்கியது ஆயில் வழியை அடைக்கும், மெல்லிய கோடு போதும்.

பூட்டும்போது லோப்பிலும் ஜர்னலிலும் அசெம்பிளி லூப் (பூட்டும்போது பூசும் மசகு) தடவுங்கள். காய்ந்த லோப் முதல் சில விநாடிகளிலேயே கீறும். வால்வு இடிக்காமலிருக்க பிஸ்டன்கள் எதுவும் உச்சியில் நிற்கக்கூடாது. ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் டாப்பெட்) என்றால் ஷாஃப்ட்டை வைத்ததும் அரை மணி நேரமாவது விட்டுவிட்டு, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கே தடுத்தாலும் பலம் போடாமல் டைமிங்கைச் சரிபாருங்கள். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றிய பிறகே எஞ்சினை எழுப்புங்கள். ஃப்ளாட் டாப்பெட் புது கேமை மட்டும் உடனே 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் சுமார் 20 நிமிடம் ஓட்ட வேண்டும், ஐடிலில் விடக்கூடாது.

சிறிது தூரம் ஓட்டியதும் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மின்னும் துகள் இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் லோப்பையும் டாப்பெட்டையும் சந்தேகியுங்கள். ஒட்டாத வெள்ளித் துகள் என்றால் கேப்புகளை மீண்டும் கழற்றுங்கள், அலுமினியம் அரைபட்டுக்கொண்டிருக்கிறது.