வீங்கினாலே கிருமி என்று முடிவு கட்டாதீர்கள்

கணுக்கால் பிசகி வீங்கியதும் மெடிக்கல் ஷாப்பில் "வீக்கத்துக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுங்க" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுளுக்கில் கிருமியே கிடையாது. ஆனாலும் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது. ஏனென்றால் இப்படிச் சிவந்து, சூடாகி, வீங்கும் அழற்சியை மூட்டிவிடுவது பெரும்பாலும் நம் வெள்ளையணுக்கள்தான்.

மேக்ரோபேஜ், மாஸ்ட் செல் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்களும் ரத்தத்தில் சுற்றுவதில்லை, திசுக்களிலேயே குடியிருப்பவை. கிருமியின் கூறுகளை மட்டுமல்ல, நசுங்கிய நம் செல்களிலிருந்து கசிபவற்றையும் அவை கண்டுகொள்ளும். மாஸ்ட் செல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டியதும் சின்ன ரத்தக்குழாய்கள் விரிகின்றன. சிவப்பும் சூடும் அதனால்தான். குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிவதே வீக்கம். மேக்ரோபேஜ் வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களால் குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகிறது. ரத்தத்தோடு ஓடிவரும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் அதில் ஒட்டி, சுவரைத் துளைத்துத் திசுவுக்குள் இறங்கும். கவுட் நோயில் கால் கட்டைவிரல் இரவோடிரவாகச் சிவந்து துடிப்பதும் இப்படித்தான். அங்கே தூண்டுவது யூரிக் அமிலப் படிகம். அதற்கு ஆன்டிபயாட்டிக் என்ன செய்யும்?

சீழ்க்கட்டியைப் பிதுக்குவது அடுத்த தவறு. சீழில் பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்கள். பிதுக்கினால் கொஞ்சம் வெளியே வரும், மீதி ஆழத்துக்குப் போகும். மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியைத் தொடவே கூடாது. அப்பகுதிச் சிரைகளுக்கு மண்டைக்குள் இருக்கும் சிரைகளோடு தொடர்பு உண்டு.

லேப் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பதறுவது இன்னொன்று. வெள்ளையணு எண்ணிக்கை பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். கர்ப்பம், கடுமையான உடற்பயிற்சி, ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமே இதை ஏற்றும். ஸ்டீராய்டு விஷயம் வேடிக்கையானது: அழற்சியை அடக்கும் அந்த மருந்தே, சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்களை ரத்த ஓட்டத்தில் இறக்கிவிட்டு எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுகிறது.

டெங்குவில் நேர்மாறாக எண்ணிக்கை இறங்கும். காய்ச்சலும் உடல்வலியும் தாங்காமல் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் என்று கைக்குக் கிடைத்ததை விழுங்குவது இந்தப் பட்டியலிலேயே மிக ஆபத்தான தவறு. ரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும் நிலையில், இவை ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும் எடுங்கள்.