பள்ளியில் பொம்மலாட்ட மன்றம் தொடங்குவது எப்படி

கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களில் அரிச்சந்திரன் கதையையும் வள்ளி திருமணத்தையும் பொம்மலாட்டமாகப் பார்த்து வளர்ந்தவர்களை அந்த ஆசை எளிதில் விடுவதில்லை, என்னையும் விடவில்லை. அதே ஆசையோடு பள்ளியில் மன்றம் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் பொம்மை செய்வதில்தான் முதலில் இறங்குகிறார்கள். செய்து முடிப்பதற்குள் ஒரு பருவம் கழிந்துவிடுகிறது. ஆட்டத்தின் ருசி தெரியாமலேயே பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள். ஆகவே ஆட்டமே முதலில் வர வேண்டும்.

தலைமையாசிரியரிடம் வாரத்திற்கு ஒரு பாடவேளையும் ஒரு மூலையும் கேட்டுப் பெற்றால் போதும். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

முதல் சில வாரங்களுக்குக் கையில் சுற்றிய கைக்குட்டையே பாவை. பேச்சில்லாமல் அது மூச்சுவிட வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும், பயப்பட வேண்டும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பாவை முதலில் அந்தப் பக்கம் பார்த்துவிட்டே நகர வேண்டும் என்பதையும், ஒரு பாவை பேசும்போது மற்றவை அசையாமல் நிற்க வேண்டும் என்பதையும் இந்த நாட்களிலேயே பழக்கிவிட வேண்டும். இல்லையென்றால் யார் பேசுகிறார்கள் என்பதே பார்ப்பவர்களுக்குப் புரியாது. குரல் கொடுப்பவரும் ஆட்டுபவரும் தனித்தனி ஆட்களாக இருக்கலாம். கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

அதன் பிறகே நூல் பாவைக்குச் செல்ல வேண்டும். நம் பகுதிக் கலைஞர்கள் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிய பாவையின் நூல்களைத் தலையில் அணிந்த வளையத்தில் கட்டி, கைகளைக் கம்பிகளால் இயக்குவார்கள். அப்பாவைகளில் பெரியவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் இருப்பதால், அந்த முறை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஓர் அடிப் பாவையும் குறுக்காகக் கட்டிய இரண்டு மூங்கில் குச்சிகளும் போதும். தலையின் இருபுறமும் இரண்டு நூல், முதுகுக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு என ஐந்து நூலுக்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். முழங்கையை மடக்கி நிற்கும்போது பாவையின் பாதம் தரையைத் தொடும் அளவே சரியான நீளம். மீன்பிடி நைலான் நூல் விளக்கொளியில் மின்னும். கறுப்புத் திரைக்கு முன் கறுப்புப் பருத்தி நூல் கண்ணுக்குத் தெரியாது. பாதங்களில் சிறிது களிமண் வைத்துத் தைத்தால்தான் பாவை நடக்கும், இல்லாவிட்டால் மிதக்கும்.

தலையைக் காகிதக் கூழில் செய்யலாம். ஊறவைத்து அரைத்த பழைய செய்தித்தாளோடு மைதாப் பசையைச் சேர்த்துப் பிசைந்து, அதைப் பந்தின் மேல் அப்பி வெயிலில் உலர்த்த வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கைபடும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூழ் உலராமல் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், இந்த வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

புராணக் கதைகளைப் பெரிய கலைஞர்களுக்கு விட்டுவிட்டு, பிள்ளைகள் அறிந்த செய்தியை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தும் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு நண்டும் ஒரு கொக்கும் என்ன பேசிக்கொள்ளும் என்று கேட்டுப் பாருங்கள், வசனம் தானே வரும். ஆனால் மரபு வரிசைப்படி முதலில் பிள்ளையார் பாவையும் பிறகு கோமாளியும் வரட்டும். கோமாளி பேசும் நேரத்தில் உள்ளே சிக்கிய நூலைப் பிரித்துக்கொள்ளலாம்!

அருகிலுள்ள பொம்மலாட்டக் கலைஞர் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்து வாருங்கள். பயணச் செலவையும் சன்மானத்தையும் முன்கூட்டியே பேசி முடித்த பிறகுதான் அழைக்க வேண்டும். வெறும் பொன்னாடையோடு அனுப்பிவைப்பது முறையல்ல.

ஆட்டம் முடிந்ததும் நூல்களைக் குச்சியில் சுற்றி, ஒவ்வொரு பாவையையும் தனித்தனித் துணிப்பைக்குள் இட்டு, சுவர் ஈரம் படாத இடத்தில் ஆணியில் தொங்கவிட வேண்டும்.