கிரேசி கியூரெட்டைத் தீட்டும் முறை

கியூரெட் என்பது ஈறுக்கடியில் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கருவி; கிரேசி அதில் ஒரு வகை. மழுங்கிய கியூரெட் பற்காரையைப் பெயர்க்காது, மேலே தேய்த்து வழவழப்பாக்கிவிடும். பிறகு பல்லைத் தடவிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் கருவிக்கும் அந்தக் காரை தட்டுப்படாது. விளக்கடியில் பிடித்துப் பாருங்கள்: விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் மழுங்கல். கூர் பார்க்கும் அக்ரிலிக் குச்சியைக் கடிக்காமல் வழுக்கினாலும் அப்படித்தான்.

கிரேசியில் ஒரு விளிம்புதான் வெட்டும். முனையருகிலுள்ள தண்டைச் செங்குத்தாக நிறுத்தினால் தாழ்ந்து தெரிவது அதுவே. மற்ற விளிம்பைத் தீட்டுவது கருவியை வீணாக்கும் வேலை.

முனை உங்களை நோக்கியிருக்க, அலகின் முகம் (மேல்பரப்பு) தரைக்கு இணையாக வரும்படி, மேசை ஓரத்தில் முழங்கையை ஊன்றிப் பிடியுங்கள். கல்லை முகத்துக்கு 90 டிகிரியில் வைத்து, 100 முதல் 110 டிகிரி வரை சாய்த்துக்கொள்ளுங்கள். முகத்துக்கும் அலகின் பக்கத்துக்கும் இடையிலுள்ள உள்கோணம் 70 முதல் 80 டிகிரிக்குள் நிற்கும். அதிகம் சாய்த்தால் விளிம்பு மெலிந்து சீக்கிரம் மழுங்கும்; குறைத்தால் தடித்து, வேரில் அழுத்திச் சுரண்ட வேண்டிவரும்.

அடிப்பகுதியிலிருந்து நுனிக்குச் சிறு சிறு இழுப்புகளாக நகருங்கள். நுனியைச் சுற்றி வளைத்துத் தீட்ட மறந்தால் கியூரெட்டின் உருண்டை நுனி கூராகி, கூர்முனைக் கருவியான ஸ்கேலர் ஆகிவிடும், திசு கிழியும். கடைசி இழுப்பு கீழ்நோக்கியே. இல்லாவிட்டால் உலோகப் பிசிறு தங்கும்.

ஆர்கன்சாஸ் என்னும் இயற்கைத் தீட்டுக்கல்லுக்கு எண்ணெய், செராமிக்குக்குத் தண்ணீர். அறுவை நடுவே தீட்ட, ஸ்டெரைல் செய்த செராமிக் கல்லே வசதி.

பெங்களூரில் போர்வெல் தண்ணீரில் அலசினால் வெள்ளைப் படிவு ஒட்டும். கடைசி அலசலும் ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) தொட்டியும் டிஸ்டில்டு வாட்டரில்தான்.