டிகிரி இல்லாம புரோகிராமர் ஆகணுமா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

டிகிரி இல்லாம இந்த வேலைக்கு வர்றவங்கள நான் நிறைய இன்டர்வியூ எடுத்திருக்கேன். திறமை இல்லாம தோத்தவங்க கம்மிதாங்க. அடுத்தவங்க ஓட்டிப் பாக்குற மாதிரி ஒரு ப்ராஜெக்ட்டையாவது முழுசா முடிச்சு வைக்காம தோத்தவங்கதான் ஜாஸ்தி.

டுடோரியலே கதின்னு கிடக்குறது மொத தப்பு. வீடியோல அவர் அடிக்க அடிக்க நாமளும் அடிச்சா எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும், வீடியோவ மூடிட்டு வெறும் ஃபைல தொறந்தா கை ஓடாது. அந்த கை ஓடாத நேரத்துலதான் நீங்க உண்மையிலயே கத்துக்கறீங்க, அப்ப பயந்துபோய் அடுத்த கோர்ஸுக்கு ஓடிடாதீங்க. பைத்தான் ரெண்டு மாசம், யாரோ சொன்னாங்கன்னு ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் ரஸ்ட்னு தாவுறதும் இதே கேஸ்தான்.

அடுத்தது கிட்ஹப், அதாவது நம்ம கோட அடுத்தவங்க பாக்குற மாதிரி போட்டு வைக்கிற சைட். ரிப்போவ (ப்ராஜெக்ட்டோட ஃபோல்டர்) தொறந்தா ஒரே ஒரு கமிட் (மாத்தினத ஒரு குறிப்போட சேமிக்கிறது), அதுல 40 ஃபைல் மொத்தமா கொட்டிக் கிடக்கும், ரீட்மீ (ப்ராஜெக்ட் பத்தின விளக்க ஃபைல்) காலி. இது நீங்க எழுதினதா, காப்பியா, ஏஐ குடுத்ததான்னு பாக்கறவருக்கு எப்படி தெரியும்? ஒரு பையன் சாதாரண செலவுக் கணக்கு ஆப்தான் வச்சிருந்தான், ஆனா அதுல ஒரு கமிட்ல "கூட்டுத்தொகை உதைக்குது, முழு எண்ணா மாத்திட்டேன்"னு எழுதியிருந்தான். 0.1-யும் 0.2-யும் கூட்டினா ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004-னு காட்டும், ஏன்னா பைனரில இந்த தசமங்கள துல்லியமா வைக்க முடியாது, அத அவனே மோதிக் கண்டுபிடிச்சு பணத்த சில்லறைக் கணக்குல முழு எண்ணா வச்சிருந்தான். அரை மணி நேரம் அதப் பத்தியே பேசினோம். டிகிரி பேச்சே வரல.

டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவல அடுக்கி வைக்கிற விதம்), அல்காரிதம் (கணக்கு போடுற வழிமுறை) எல்லாம் காலேஜ் பசங்களுக்குன்னு ஒதுக்கிடறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். வரிசைப்படுத்தின 10 லட்சம் பேர்ல ஒருத்தர ஒவ்வொண்ணா தேடினா ரொம்ப மோசமா போனா 10 லட்சம் தடவையும் பாக்கணும், பாதிபாதியா வெட்டித் தேடினா 20 தடவைல முடிஞ்சுரும். டேட்டாபேஸ்ல இண்டெக்ஸ் (புத்தகத்துக்குப் பின்னாடி இருக்குற அட்டவணை மாதிரி) போட்டா ஏன் வேகமாகுதுன்னு புரியறதுக்கும் கிட்டத்தட்ட இந்த யோசனைதான் வேணும். ஹார்வர்டோட சிஎஸ்50 கம்ப்யூட்டர் சயின்ஸ் கோர்ஸ், எம்ஐடி பாடங்கள் இருக்குற ஓப்பன்கோர்ஸ்வேர் சைட் ரெண்டுமே இலவசமா கிடைக்குது, ஒண்ண எடுத்து கடைசி வரைக்கும் முடிங்க.

ரெஸ்யூமேல இல்லாத டிகிரிய போடவே போடாதீங்க. வேலைல சேந்தப்புறம் சரிபார்ப்புல மாட்டினாலும் வேலை போயிடும். ப்ராஜெக்ட்ட மேல வைங்க, படிப்ப உள்ளபடி கீழ போடுங்க.

வேலை தேடுற போர்ட்டல்ல மட்டும் நூத்துக்கணக்கா அப்ளை பண்ணிட்டு உக்காரவும் வேணாம், டிகிரி ஃபில்டர் போட்டிருந்தா உங்க பேர மனுஷங்க பாக்கவே மாட்டாங்க. சின்ன கம்பெனிக்கு நேரா எழுதுங்க, நீங்க தெனம் யூஸ் பண்ற ஓப்பன் சோர்ஸ் டூல்ல (கோட யாரும் பாக்கலாம், திருத்தலாம்னு வெளிய விட்டது) ஒரு சின்ன பிழைய சரிபண்ணி அனுப்புங்க, தெரிஞ்சவங்ககிட்ட ரெஃபரல் கேளுங்க.

கடைசியா, வெளிநாட்டு ஆசை இருக்கறவங்களுக்கு. அமெரிக்காவுல வேலை பாக்குறதுக்கான எச்-1பி விசால 3 வருஷ அனுபவத்த 1 வருஷ படிப்புக்கு சமமா கணக்கு பண்றாங்க, அப்ப 4 வருஷ டிகிரிக்கு 12 வருஷம் ஆகுது. ஐரோப்பிய யூனியன்ல வேலை பாத்து தங்குறதுக்கான ப்ளூ கார்டுக்கு 2021-ல மாத்தின விதிப்படி, ஐடி ஆளுங்களுக்கு கடைசி 7 வருஷத்துல 3 வருஷம் பொருத்தமான அனுபவம் இருந்தா டிகிரிக்கு பதிலா அதக் காட்டலாம். ரெண்டுக்குமே பேப்பர்ல ஆதாரம் வேணும், அதனால மொத வேலைல இருந்தே அனுபவச் சான்றிதழ், சம்பள ஸ்லிப் எல்லாத்தையும் பத்திரப்படுத்துங்க, சான்றிதழ்ல பதவி மட்டும் இல்லாம என்ன வேலை செஞ்சீங்கன்னும் எழுதித் தரச் சொல்லி கேட்டு வாங்குங்க.