வானத்துக்குத் தனி, கல்லுக்குத் தனி: லேயர் மாஸ்க் போடும் முறை

தஞ்சைப் பெரிய கோயிலில் சாயங்காலம் படம் எடுத்த எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கோயில் கிழக்கு பார்த்தது, நாம் வாசல் வழியாக உள்ளே போய் மேற்கு பார்த்து நிற்கிறோம், சூரியன் விமானத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. கேமராவை வானத்துக்குச் சரிசெய்தால் விமானம் கறுத்துவிடும், விமானத்துக்குச் சரிசெய்தால் வானம் வெளிறிப்போகும். எடுக்கும்போது கேமராவை வானத்துக்கே சரிசெய்யுங்கள், முடிந்தால் ரா ஃபைலாக, அதாவது கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலாக எடுங்கள். இருட்டில் இருப்பதை ஓரளவு மீட்கலாம், ஒரேயடியாக வெளுத்துப்போனதை மீட்க வழியே இல்லை. மிச்சத்தை லேயர் மாஸ்க் பார்த்துக்கொள்ளும். லேயர் என்பது படத்தின் மேல் அடுக்கும் கண்ணாடித்தாள் மாதிரி, அதில் எந்த இடம் தெரிய வேண்டும் என்று சொல்வது மாஸ்க்.

நான் சொல்வது ஃபோட்டோஷாப்பை வைத்து. காசு கொடுக்க வேண்டாம் என்றால் ஃபோட்டோபீ பிரவுசரிலேயே ஓடும், மெனுவும் கிட்டத்தட்ட அதேதான். ஜிம்ப் வைத்திருப்பவர்கள் லேயரை ஒரு நகல் எடுத்து, நகலில் கர்வ்ஸ் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு) போட்டு, அதன்மேல் ரைட் கிளிக் செய்து மாஸ்க் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேயர்ஸ் பேனலின் அடியில் பாதி கறுப்பு பாதி வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும், அதிலிருந்து கர்வ்ஸ் எடுத்துக் கோட்டின் நடுவைப் பிடித்து மேலே இழுங்கள். கண் விமானத்தின் மேல் மட்டும் இருக்கட்டும். வானம் கெட்டுப்போகும், போகட்டும். இந்த லேயரோடு கூடவே ஒரு வெள்ளைக் கட்டம் வந்திருக்கிறதே, அதுதான் மாஸ்க். அதில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் நீங்கள் செய்த மாற்றம் தெரியும், கறுப்பில் தெரியாது, சாம்பலில் அதன் அளவுக்குத் தக்கபடி தெரியும். அவ்வளவுதான் விஷயம், மாஸ்க் என்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அதனால் சாதாரணப் படத்தில் செய்யக்கூடிய பெரும்பாலான வேலைகளை அதிலும் செய்யலாம்.

கண்ட்ரோல் ஐ அழுத்தினால் மாஸ்க் முழுக்கக் கறுப்பாகும், படம் பழையபடி இருட்டாகிவிடும். இப்போது பி அழுத்தி பிரஷ் எடுங்கள், டி அழுத்தினால் நிறங்கள் கறுப்பு வெள்ளைக்கு வரும், எக்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும். ஓரம் மென்மையான பிரஷ், ஃப்ளோ (தேய்க்கும்போது நிறம் விழும் வேகம்) 10 முதல் 20 சதவீதம், வெள்ளை நிறம். தேய்க்கத் தேய்க்க கல் மெல்ல வெளிச்சத்துக்கு வரும். தேய்த்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றாலோ, நகல் லேயரில் வேலை செய்யும்போது படத்தின் மேலேயே வெள்ளைப் பெயின்ட் விழுந்தாலோ, மாஸ்க்கின் சிறுபடத்தைத் தொடாமல் லேயரைத் தொட்டு வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தரையில் கிடக்கும் நிழல், நிற்கும் ஆட்களின் முகம் இதற்கெல்லாம் இந்த பிரஷ் வேலை போதும். ஆனால் விமானத்தின் விளிம்பில் பூதகணங்களும் நந்திகளும் கும்பங்களுமாக நூறு வளைவு இருக்கிறது, அதைக் கையால் தேய்க்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். படத்திலிருந்தே மாஸ்க்கை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

படத்தின் நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் சேனல்ஸ் பேனலைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வானம் நீலமாக இருந்தால் பெரும்பாலும் நீலச் சேனலில்தான் வானமும் கல்லும் நன்றாகப் பிரியும், அந்தி சிவந்திருந்தால் சிவப்புச் சேனல் கைகொடுக்கும். நன்றாகப் பிரிவதை நகல் எடுத்து, கண்ட்ரோல் எல் அழுத்தி லெவல்ஸில் இரு ஓர முக்கோணங்களையும் உள்ளே தள்ளுங்கள். வானம் வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் வரும்வரை தள்ளலாம், ஆனால் விளிம்பில் மெல்லிய சாம்பல் மிஞ்ச வேண்டும், அதையும் தின்றுவிட்டால் கத்தரித்து ஒட்டியதுபோல் ஆகிவிடும். கல்லின் நடுவே திட்டுத்திட்டாக வெள்ளை நின்றால் கறுப்பு பிரஷ்ஷால் அடைத்துவிடுங்கள்.

அப்புறம் கண்ட்ரோலை அழுத்தியபடி அந்த நகல் சேனலின் சிறுபடத்தைக் கிளிக் செய்தால் வானம் செலக்ட் ஆகும். மேலே உள்ள ஆர்ஜிபி சேனலைத் தொட்டுவிட்டு லேயர்ஸுக்குத் திரும்பிப் புது கர்வ்ஸ் போடுங்கள், மாஸ்க் தானாக அமைந்துவிடும், இது வானத்துக்கானது. ஆல்ட்டை அழுத்தியபடி இந்த மாஸ்க்கை விமானத்துக்கான கர்வ்ஸ் லேயரின் மேல் இழுத்து விட்டு, பழைய மாஸ்க்கை மாற்றவா என்று கேட்டால் சரி சொல்லி, கண்ட்ரோல் ஐ அழுத்துங்கள். இரண்டும் ஒரே விளிம்பிலிருந்து பிறந்தவை என்பதால் நடுவில் இடைவெளி விழாது. தரையும் ஆட்களும் கூடச் சேர்ந்து வெளிச்சமாகியிருந்தால் வேண்டாத இடத்தில் கறுப்பைத் தேய்த்துவிடலாம்.

செலக்ட் மெனுவில் ஸ்கை என்றே ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் மரக்கிளைகளுக்கு நடுவே தெரியும் வானத்தில் அடிக்கடி கோட்டைவிடும். எந்த வழியில் போட்டாலும் ஆல்ட்டோடு மாஸ்க்கைக் கிளிக் செய்து மாஸ்க்கை மட்டும் திரையில் பாருங்கள், விட்டுப்போன திட்டுகள் அங்கேதான் அகப்படும்.

விமானத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறதா? கல்லுக்கான வெளிச்சம் வானத்துக்குள் கசிகிறது. அந்த மாஸ்க்கைத் தொட்டு, ஃபில்டர் மெனுவில் அதர், அதற்குள் மினிமம், அளவு 1 பிக்சல். வெள்ளைப் பகுதி அந்த அளவுக்குச் சுருங்கும். 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள், சுருக்கிப் பார்த்தால் எல்லாப் படமும் அழகுதான்.

கடைசியாக ஒப்பாசிட்டி, அதாவது லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பது. விமானம் நன்றாகத் தெரிகிறதே என்று வானத்தைவிடப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறார்கள், சூரியன் பின்னால் இருக்கும்போது அது எப்படி நடக்கும்? கல் வானத்தைவிட ஒரு படி இருட்டாகவே இருக்கட்டும், கர்வ்ஸ் லேயரின் ஒப்பாசிட்டியை 60, 70 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள். இருட்டை ரொம்பத் தூக்கினால் வரும் புள்ளிப் புள்ளியான நாய்ஸும் இதனால் குறையும், முக்கியமாக மொபைலில் எடுத்த படங்களில். ஃபைலை ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டியாகச் சேமித்துவிட்டு, அனுப்புவதற்கு மட்டும் தனியாக ஒரு ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள், ஜேபெக்கில் லேயரும் நிற்காது மாஸ்க்கும் நிற்காது.