சொந்த வட்டாரத்திலேயே கோடை விடுமுறை: திட்டமிடும் முறை

கோடை விடுமுறையை வெகுதூரம் போகாமல் கழிக்க விரும்புவோர், முதலில் அதற்கான நாள்களை நாட்காட்டியில் குறித்து, அலுவலக அழைப்புகளையும் நிலுவையிலுள்ள வீட்டு வேலைகளையும் அந்நாள்களுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். இல்லையெனில் பரணை ஒழுங்குபடுத்துவதிலேயே விடுமுறை கரைந்துவிடும்.

அடுத்து, காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய இடங்களை வரைபடத்தில் தேடுங்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டவற்றுக்கே முதலிடம் கொடுக்கலாம். பல அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, மூடப்பட்டிருக்கும் என்பதால் திறப்பு நேரத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். புற ஊதாக் கதிர்கள் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கடுமையாக இருக்குமாதலால், மலையேற்றம், ஏரிக்கரை நடை போன்றவற்றை அதிகாலையில் வைத்துக்கொண்டு, நண்பகலை நூலகம், கலைக்கூடம் முதலிய கூரையுள்ள இடங்களுக்கு ஒதுக்குவது நல்லது. பறவை பார்க்க விரும்புவோருக்கு எப்படியும் விடியற்காலைதான் வாய்ப்பான வேளை.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். பயணச் செலவில் மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு அருகிலுள்ள விடுதியில் ஓரிரவு தங்குவது வீண்செலவன்று என்பது என் கருத்து: சமையலும் பாத்திரம் துலக்கலும் இல்லாத ஒரு காலைப்பொழுது, வீட்டிலேயே இருந்தால் யாருக்கும் வாய்ப்பதில்லை. குழந்தைகள் இருப்பின், ஒரு நாளின் திட்டத்தை முழுவதுமாக அவர்கள் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள்.